பள்ளிக்கூடச் செலவுக்கு ஊரார் வோட்டு

பள்ளிக்கூடச் செலவு என்றால் அது கல்வி அமைச்சின் கணக்கு என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வழக்கம் வேறு. அங்கே ஏறத்தாழ 600 பள்ளி வட்டாரங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஊரார் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளிகளை நடத்த உள்ளூர்ச் சொத்து வரியாக எவ்வளவு வசூலிப்பது என்பதை அந்த வாரியம் ஆண்டுதோறும் கணக்கிட்டு, ஏப்ரல் மாதத்தில் ஊராரிடம் 'சரியா, வேண்டாமா' என்று வோட்டுக் கேட்டு வந்தது. பல்லாண்டுகளாக இதுவே நடைமுறையாக இருந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராணுவச் செலவுக்கோ, மாநிலச் செலவுக்கோ, நகராண்மைச் செலவுக்கோ எவரும் ஆண்டுதோறும் வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. பள்ளிக்கூடக் கணக்குத்தான் அவர் கைக்கு வந்தது. ஆகவே எந்த வரியின் மேல் கோபம் இருந்தாலும், அது வந்து விழும் இடம் பள்ளிக்கூடமாகவே இருந்தது. இது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவர் ஒருவர், வீடு இருக்கிறது, வரி கட்டக் கையில் காசில்லை என்றால், அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பெருஞ்சோதனைக்கு உள்ளாக்கியது 2010ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில் பதவியேற்ற கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி, மாநிலக் கணக்கில் ஆயிரம் கோடி டாலருக்கும் மேற்பட்ட பற்றாக்குறையைக் கண்டு, பள்ளி மான்யத்தில் 82 கோடி டாலரை வெட்டினார். வெட்டிய விதம் விசித்திரமானது. எந்த வட்டாரமும் தன் மொத்தச் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துக்கு மேல் இழக்காது என்பது வரம்பு. செல்வச் செழிப்புள்ள ஊர்களுக்கு மாநில மான்யமே அந்த ஐந்தை எட்டாது. ஆகையால் அவை பெற்று வந்தது முழுவதையும் இழந்தன. மான்யத்தையே பெரிதும் நம்பியிருந்த ஏழை ஊர்களுக்கோ பெரும்பகுதி மிஞ்சியது. ஆயினும் இழந்ததை ஈடுகட்ட அவற்றிடம் வேறு வழியில்லை.

உதாரணத்திற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தின் செலவு ஒரு கோடி டாலர்; அதில் 80 லட்சம் ஊர் வரி, 20 லட்சம் மான்யம் என்று கொள்வோம். மான்யத்தில் 5 லட்சம் போய்விட்டால், பழைய நிலையில் நிற்பதற்கே ஊர் வரியை நூற்றுக்கு ஆறேகால் உயர்த்த வேண்டும். அன்றைய சட்டமோ பொதுவாக நான்குக்கு மேல் உயர்த்த விடாது. அதாவது 3 லட்சத்து 20 ஆயிரம் வரை வரியில் பெறலாம். மீதிக்கு ஆசிரியர்களை நீக்க வேண்டும்; வகுப்பில் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைக்க வேண்டும்; இசையையும் விளையாட்டையும் கைவிட வேண்டும். வரியும் ஏறும், பள்ளியும் மெலியும். இப்படிப்பட்ட கணக்கை எடுத்துக்கொண்டுதான் வாரியத்தார் ஊராரிடம் போனார்கள்.

கவர்னரும் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்கள் ஓராண்டு ஊதிய உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும், இணங்காத வட்டாரங்களின் திட்டத்தை மக்கள் தோற்கடிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். இணங்கிய வட்டாரங்கள் மிகச் சில. ஆசிரியர் சங்கத்தாரோ, பெருஞ்செல்வர்கள் மீதிருந்த கூடுதல் வருமான வரி 2009ஆம் ஆண்டு முடிவில் காலாவதியாகிவிட்டதே, அதைப் புதுப்பிக்கலாமே என்று கேட்டார்கள். சட்டமன்றம் அதற்கு மசோதா நிறைவேற்றியது. கவர்னர் 2010 மே மாதத்தில் அதை நிராகரித்தார்.

1976க்குப் பிறகு கண்டிராத முடிவு ஏப்ரல் 20ஆம் நாள் வந்தது. வோட்டுக்கு வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட திட்டங்களில் பாதிக்கு மேல் தோற்றன. வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலேயே வாக்களிக்கும் அத்தேர்தலில், இம்முறை கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் வந்திருந்தனர்.

தோற்றால் பள்ளியை மூடிவிடுவதில்லை. திட்டம் ஊரின் நகராண்மை மன்றத்திடம் போகும். மன்றத்தார் வாரியத்தாருடன் கலந்து வரியை இன்னும் குறைக்கலாம்; குறைக்காமலும் விடலாம். வெட்டு மிகையென்று வாரியம் கருதினால் மாநிலக் கல்வி ஆணையரிடம் முறையிட இடமுண்டு.

பள்ளியை உண்மையிலேயே மூடச் சொன்ன சம்பவமும் அம்மாநிலச் சரித்திரத்தில் இருக்கிறது. பள்ளிச் செலவுக்குச் சொத்து வரியையே பெரிதும் நம்பும் முறை மாநில அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 1973ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்யாமல் காலங்கடத்தவே, 1976 ஜூலை முதல் நாளிலிருந்து பள்ளிகளுக்குச் செலவு செய்யக் கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்தது. சில நாட்களுக்குள் மாநில வருமான வரி பிறந்துவிட்டது!

2010ஆம் ஆண்டு வெட்டும் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. 2011 மே மாதத்தில், 31 ஏழை வட்டாரங்களுக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் கூடுதலாக வழங்குமாறு தீர்ப்பாயிற்று. வழக்கு அந்த வட்டாரங்களைப் பற்றியது என்பதால், நடுத்தர ஊர்களுக்கு அதனால் ஒன்றும் கிட்டவில்லை.

இதற்கிடையே வரி உயர்வின் வரம்பை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கும் சட்டம் 2010 ஜூலையில் வந்துவிட்டது. 2012 ஜனவரியில் மற்றொரு சட்டம் வந்தது. பள்ளித் தேர்தலை நவம்பர் பொதுத் தேர்தலோடு சேர்த்துக்கொள்ளும் வட்டாரம், வரியை அந்த இரண்டுக்குள் வைத்துக்கொண்டால், ஊராரிடம் வோட்டுக் கேட்கவே வேண்டாம் என்றது அது. வாரியங்கள் பெரும்பாலும் நவம்பருக்கு மாறிவிட்டன. ஏப்ரலில் கணக்கை ஊரார் முன் வைக்கும் வட்டாரங்கள் இன்று மிகச் சிலவே.