சான்றிதழ் பிள்ளையுடையது, பதிவேடு யாருடையது?

மலையக மக்களுக்குக் கடதாசியின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எமது முன்னோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 7 அல்லது 10 ஆண்டுகள் இங்கு தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிப்போருக்குப் பிரசாவுரிமை தருவதாகக் கூறியது. சுமார் 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. 1964 அளவில் பதிவு பெற்றிருந்தோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. வதிவைக் காட்டக்கூடிய செக்ரோலும் பிறப்புப் பதிவும் பாடசாலை இடாப்பும் தோட்டத்து ஆபீசிலும் அரச கந்தோர்களிலும் இருந்தன. அவற்றில் பெயர் எழுதப்பட்ட தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

இன்று எமது பிள்ளைகளின் கல்விப் பதிவுகள் படிப்படியாகக் கணனிக்குச் செல்கின்றன. இதை வரவேற்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவை யார் வைத்திருப்பது, யார் திருத்துவது, யாருக்குக் காட்டுவது என்பதை இப்போதே கேட்க வேண்டும்.

கணனி ஏன் வேண்டும்?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. லயத்துக் காம்பராவில், தகரப் பெட்டிக்குள் ஒரேயொரு பிரதியாக இருக்கும் சான்றிதழ் இத்தகைய நாளில் வீட்டோடு போய்விடும். வேறோர் இடத்தில் நம்பகமான பதிவு இருந்தால், உயிர் தப்பிய பிள்ளை தன் படிப்பை மீண்டும் நிரூபிக்க அலைய வேண்டியதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. எமது இளைஞர் பலர் இடையில் பாடசாலையை விட்டுக் கொழும்பில் மேசன், வெல்டிங், சமையல், தையல் வேலைகளைச் செய்து பழகியவர்கள். இவர்களின் திறனைச் சோதித்து, முன்கற்றலை ஏற்றுச் சான்றிதழ் வழங்கும் வழி தேசிய தொழிற் தகைமை முறையில் இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு இம்முறையைக் கண்காணிக்கிறது. 7 மட்டங்கள் உள்ளன. முதல் 4 மட்டங்களும் சான்றிதழ்கள். வெளிநாட்டில் வேலை தருபவரும் சரிபார்க்கக்கூடிய பதிவு இருந்தால் கைத்தொழில் தெரிந்தவர் "சும்மா கூலி" என்ற நிலையில் நிற்கமாட்டார்.

பெயரில் வரும் பிழை

ஊவாவின் தோட்டப் பிள்ளைகள் பலரின் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டது. பாடசாலை இடாப்பு தமிழில் இருக்கும். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஆங்கிலத்தில் வரும். பரமேஸ்வரி என்ற பெயர் மூன்று மொழிகளையும் கடந்து வரும்போது மூன்று விதமாக எழுதப்படலாம். தந்தையின் பெயர் ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும். மேசைக்குப் பின்னால் இருக்கும் எழுதுவினைஞர் ஆளைப் பார்த்து, விசாரித்து ஏற்றுக்கொள்ளலாம். கணனியோ எழுத்து மாறினால் வேறோர் ஆள் என்றே கொள்ளும். ஓரிடத்தில் பதிந்த பிழை, பதிவுகள் இணைக்கப்பட்டதும் எல்லா இடத்துக்கும் போய்விடும்.

பிழையை யாரிடம் போய்த் திருத்துவது? பிறப்புப் பதிவு பதிவாளர் நாயகத்திடம், பரீட்சைப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்திடம், மாகாணப் பாடசாலைகள் ஊவா மாகாணத்திடம், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சிடம், தொழிற் தகைமை வேறு நிறுவனங்களிடம். ஒவ்வொருவரும் மற்றவரிடம் போகச் சொன்னால், அரை நாள் பெயரை இழந்து பஸ் ஏறி வரும் தாய்க்குப் பல நாள் சம்பளம் போய்விடும்.

எமக்குத் தெரிந்த முன்மாதிரி

பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பங்கும் தன் பதிவேட்டைத் தானே காக்கிறது. எனினும் விதி எல்லோருக்கும் பொது. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்கே குறிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டாமலே பல இடங்கள் ஒன்றையொன்று நம்ப முடியும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் 2015 இல் தொடங்கிய டிஜிலொக்கர் முறையிலும், வழங்கிய நிறுவனத்தின் பதிவிலிருந்தே சான்றிதழ் எடுக்கப்படுகிறது. அதைப் பிறருடன் பகிர்வதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன்னைப் பற்றிய தரவைப் பார்வையிடவும் திருத்தக் கோரவும் ஒருவருக்குரிய உரிமையை வகுத்துள்ளது.

நாம் கேட்க வேண்டியவை

பதிவு முறையை வகுக்கும் மேசையில் திணைக்களங்கள் மட்டும் அமர்ந்தால் போதாது. அதிபர், பயிற்சி நிலையம், பெற்றோர், கற்றவர் ஆகிய எல்லோரும் இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கு, பிள்ளை சம்மதித்தால் மட்டுமே கல்விப் பதிவைக் காட்ட வேண்டும். தமிழில் பார்க்கவும் தமிழில் முறையிடவும் வசதி வேண்டும். பிழை திருத்தும் வேலை பசறை, ஹல்துமுல்லை போன்ற பிரதேச செயலகங்களிலேயே, குறித்த நாட்களுக்குள் முடிய வேண்டும். கைத்தொலைபேசி இல்லாதவருக்குக் கடதாசிப் பிரதியும் செல்லுபடியாக வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகுமுன், பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலை இடாப்பிலும் அடையாள அட்டை விண்ணப்பத்திலும் பெயர் ஒரே மாதிரி உள்ளதா எனப் பாருங்கள். தோட்டத்து மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் பங்குக் குழுவும் ஒரு ஞாயிறு பின்னேரத்தை இதற்கென ஒதுக்கலாம். பிழை உள்ள பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, அதிபரோடு சேர்ந்து கிராம உத்தியோகத்தரிடமும் பதிவாளரிடமும் ஒன்றாகச் செல்லலாம். தனியே போகும் தாயைத் திருப்பி அனுப்புவது இலகு. நாற்பது பெயர்களோடு வரும் ஊரைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு இலகுவல்ல.