ஆங்கிலேயரின் மறுநாட் பொரியல்

பிரித்தானிய நாட்டு இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவு ஒரு சிறு விருந்தே எனலாம். நெருப்பில் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த முட்டைக்கோசு முதலியன அன்று மிகுதியாகச் சமைக்கப்படும். உண்டு எஞ்சியவை திங்கட்கிழமைக்கு நிற்கும். திங்களோ, முற்காலத்தில் அந்நாட்டில் துணி வெளுக்கும் நாள். காலை முதல் வெந்நீர்க் கொப்பரையின்முன் நின்று களைத்த இல்லாள், புதிதாய்ச் சமைக்கப் பொழுதின்றி, ஆறிய இறைச்சியை மெல்லிதாய் அரிந்து வைத்து, எஞ்சிய காய்களை ஒரே சட்டியிலிட்டுப் பொரித்துப் பரிமாறுவாள். அப்பொரியலே ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’ எனப்படுவது. அதன் வரலாற்றையும் செய்முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

பெயரைக் கேட்டவுடன் நகைப்பார் உளர். ‘பபிள்’ என்பது குமிழியிடுதல்; ‘ஸ்க்வீக்’ என்பது கீச்சிடுதல். காய்ந்த கொழுப்பிற் கோசு விழுந்தவுடன் அதனுள் இருக்கும் நீர் ஆவியாய் வெடித்து வெளிப்படுங்கால் எழும் ஓசையே பெயராயிற்று. ‘சலசல’, ‘கலகல’ என ஒலியாற் பொருளுணர்த்தும் தமிழர்க்கு இம்முறை புதிதன்று. 1785-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் குரோஸ் என்பார் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலும் பெயர்க்காரணம் இவ்வாறே கூறப்பட்டுள்ளது. வில்லியம் கிச்சினர் என்பாரோ, தமது சமையல் நூலில் இதன் செய்முறைக்கு இசைக்குறிகளே சேர்த்துவிட்டார்!

குரோஸ் சுட்டும் உணவு மாட்டிறைச்சியும் கோசும் சேர்த்துப் பொரித்தது. உருளைக்கிழங்கு அதில் இல்லை. ரண்டல் அம்மையாரின் 1806-ஆம் ஆண்டு நூலும், இல்லறத்தார்க்கு வேதம்போல் விளங்கிய பீட்டன் அம்மையாரின் 1861-ஆம் ஆண்டு நூலும் இறைச்சியையே முதற் பொருளாகக் கூறுகின்றன. இன்றோ, இப்பெயர் சொன்னால் ஆங்கிலேயர் உள்ளத்தில் தோன்றுவது உருளைக்கிழங்கும் கோசுமே. பெயர் நிற்கப் பொருள் மாறிய விந்தை இது.

இம்மாற்றத்தை உறுதிப்படுத்தியது இரண்டாம் உலகப்போர். 1940-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. வயது வந்த ஒருவர்க்கு ஒரு கிழமைக்குக் கிடைத்தது முதலில் 1 ஷில்லிங் 10 பென்ஸ் பெறுமான இறைச்சியே. பின்னர் அதுவும் குறைந்தது. வெண்ணெயும் சமையற் கொழுப்பும் பங்கீட்டில் அடங்கின. உருளைக்கிழங்கிற்குப் போர் நடந்தவரை பங்கீடில்லை. அதனை மிகுதியாய் உண்ணுமாறு உணவு அமைச்சகம் மக்களை ஊக்கியது. உண்ணத்தக்க பொருளை வீணாக்குவது அதே 1940-இல் தண்டனைக்குரிய குற்றமுமாயிற்று. நேற்றைய கிழங்கைக் குப்பையில் எறிந்தவள் நீதிமன்றம் ஏறவும் கூடும் என்ற நிலையில், இப்பொரியல் ஏழையின் சிக்கனம் என்ற எளிமை நீங்கி நாட்டுக்கடமை என்னும் பெருமை பெற்றது. இறைச்சிப் பங்கீடு முற்றும் ஒழிந்தது 1954-ஆம் ஆண்டு சூலைத் திங்களிலேயே. அதற்குள் ஒரு தலைமுறையே இறைச்சியில்லாப் பொரியலை உண்டு வளர்ந்துவிட்டது.

நிற்க, செய்முறைக்கு வருவோம். நால்வர்க்கு, வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், அவித்த கோசு அதிற் பாதி, வெங்காயம் ஒன்று, உப்பு, மிளகுத்தூள், வாட்டிய இறைச்சியினின்று வடிந்து உறைந்த கொழுப்பு இரண்டு மேசைக்கரண்டி. கொழுப்பில்லையேல் வெண்ணெயோ எண்ணெயோ கொள்ளலாம். கோசுக்கு மாற்றாகக் களைக்கோசு, காரட்டு, பட்டாணி எது எஞ்சியிருப்பினும் குற்றமில்லை. கிறித்துமசுக்கு மறுநாள் இதனைச் செய்வார் பலர்.

இதில் வெற்றி தோல்வி அனைத்தும் நீரைப் பொறுத்தது. உணவின் மேற்புறம் பொன்னிறமாய் முறுகி மணம் பெறுவதற்கு ஏறத்தாழ 140 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். நீர் உள்ளவரை அவ்விடத்து வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ஆதலின் கோசைப் பிழிந்து நீரை அகற்றல் இன்றியமையாதது. சுடச்சுட மசித்த கிழங்கினும் ஒரிரவு குளிர்ந்த கிழங்கு சிறந்தது. அதன் மாப்பொருள் இறுகி, நீரைப் பற்றிக்கொண்டு, உருக்குலையாது நிற்கும். பாலும் வெண்ணெயும் மிகப் பெய்து குழைத்த கிழங்கு இதற்கு உதவாது. கூழாகிச் சட்டியிலே ஒட்டும்.

கனமான இருப்புச்சட்டியிற் கொழுப்பை உருக்கி, அரிந்த வெங்காயத்தை முதலில் வதக்குக. பின்னர்க் கிழங்கையும் கோசையும் கலந்து இட்டு, அகப்பையால் அழுத்திப் பரப்புக. இனிச் சமைப்பவர்க்கு வேண்டுவது பொறுமை. கிளறிக்கொண்டே இருப்பவர்க்கு முறுகல் வாய்க்காது. ஐந்து நிமிடம் வாளாவிருந்து, அடிப்புறம் சிவந்தபின் அதனைப் பெயர்த்துப் புரட்டி உள்ளே மடித்து, மீண்டும் அழுத்துக. இவ்வாறு மும்முறை செய்தால் முறுகல் எங்கும் கலந்து சுவை ஏறும். இறுதியில் ஒரு தட்டைக் கவிழ்த்துச் சட்டியோடு திருப்பி, மறுபுறத்தையும் சிவக்க விடலாம். எஞ்சிய காய்களை முன்னாள் ஆறியவுடனே குளிர்ப்பெட்டியில் வைத்திருத்தலும், பொரிக்குங்கால் நடுப்பகுதிவரை ஆவி பறக்கச் சூடேற்றலும் உடல்நலத்திற்கு வேண்டுவன.

அயர்லாந்தில் ‘கால்கேனன்’ என்றும், ஸ்காத்லாந்தின் எல்லைப்புறத்தில் ‘ரம்பிள்டிதம்ப்ஸ்’ என்றும் இதற்கு உறவான கிழங்கு கோசு உணவுகள் உள. முறுகிய அடிப்புறத்தை இழந்த அவை, எம் கருத்தில், ஒரு படி குறைந்தனவே. இதனை ஆறிய இறைச்சியோடும் காடியில் ஊறிய ஊறுகாயோடும் உண்பர். காலையுணவாயின் மேலே பொரித்த முட்டை ஒன்று வைப்பர். மஞ்சட்கரு உடைந்து முறுகலின் இடுக்குகளில் இறங்குங்கால் உண்ணத் தொடங்குவதே அந்நாட்டார் வழக்கம்.