காளானும் மூளைநலமும்: வினைச்சொல் உணர்த்தும் உண்மை

காளானைக் குறிக்கச் சங்க நூல்கள் ஆம்பி, காளாம்பி என்னும் சொற்களை வழங்கின. சிறுபாணாற்றுப்படையில், கறையான் அரித்த சுவரின் புழுதியில் காளாம்பி பூத்த அடுக்களை வறுமையைக் காட்டுகிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூக்கிறது. இவ்விடங்களில் அஃது உணவன்று; உணவின்மையின் சான்று. தெலுங்கில் வழங்கும் ‘புட்டகொடுகு’ என்னும் பெயர் புற்றுக்குடை எனப் பொருள்படும். மலாய்மொழியின் ‘செண்டாவான் பூசுட்’ என்பதும் புற்றுக் காளானே. காளானுக்கும் கறையானுக்கும் உள்ள உறவை இம்மொழிகள் பேசும் மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இன்றோ நிலை மாறிவிட்டது. பசியின் அடையாளமாயிருந்த காளான், மனத்திற்கும் மூளைக்கும் நலந்தரும் உணவெனப் பேசப்படுகிறது. கம்போங் மேடான் போன்ற நம் குடியிருப்புகளிலும் இப்பேச்சு பரவியுள்ளது. இதன் அடிப்படையை நாம் அறிதல் வேண்டும்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் உடைய 663 பேரை நோக்கியது. வாரத்திற்கு இரு பரிமாறலுக்கு மேல், அதாவது சமைத்த காளான் ஏறத்தாழ 300 கிராமுக்கு மேல் உண்டோரிடம், மிதமான அறிதிறன் குறைபாடு காணப்படும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ‘எர்கோதயோனின்’ என்னும் பொருள் இதற்குத் துணைபுரியலாம் என ஆய்வாளர் கருதினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 24,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து, காளான் உண்போரிடம் மனச்சோர்வு குறைவாக இருப்பதை 2021இல் எடுத்துரைத்தனர். எனினும் மிகுதியாக உண்பதனால் கூடுதல் பயன் தெளிவாகத் தென்படவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் விக்கினேஸ்வரி சபாரத்தினம் உள்ளிட்டோர் சிங்கப்பிடரிக் காளானை ஆராய்ந்தனர். அதன் சாறு, காயமுற்ற எலிகளின் கால் நரம்பு மீள்வதற்கு உதவியதை 2011இல் வெளியிட்டனர். சப்பானில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான சிற்றாய்வொன்றில், அக்காளான் மாத்திரையை 16 வாரங்கள் உண்ட முதியோரின் அறிதிறன் மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்திய நான்கு வாரங்களில் அது தாழ்ந்தது.

இனி மொழியியலுக்கு வருவோம். “காளான் உண்போரிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்படுகிறது” என்பது ஒரு தொடர். “காளான் மனச்சோர்வைக் குறைக்கிறது” என்பது மற்றொரு தொடர். முன்னதில் ‘குறைவாக’ என்பது ஒரு நிலையைச் சுட்டுகிறது. பின்னதில் ‘குறைக்கிறது’ என்னும் பிறவினை, காளானை வினைமுதலாக, அதாவது காரணமாக, நிறுத்துகிறது. காளான் உண்போர் காய்கனிகளையும் மிகுதியாக உண்போராக இருக்கலாம். உடற்பயிற்சி செய்வோராகவும் இருக்கலாம். ஆகவே ஒருங்கே காணப்படுவன யாவும் காரணமும் விளைவும் ஆகா. ‘குறை’, ‘குறைக்கும்’, ‘குணப்படுத்தும்’ என வினை படிப்படியாக மாறுகையில், ஆய்வு மறைந்து விளம்பரம் பிறக்கிறது.

இவ்வேறுபாடு இலக்கண நுட்பம் மட்டுமன்று. நினைவு மங்கும் பாட்டிக்கு மருத்துவரை நாடாமல் காளான் மாத்திரை வாங்கித் தருவதும், தேர்வுக் காலத்தில் வாடும் பிள்ளைக்கு ஆறுதலும் மருத்துவ உதவியும் தேடாமல் உணவொன்றையே மருந்தாகக் கொள்வதும் இத்திரிபின் விளைவுகள். மற்றொன்றையும் மாணவர் நினைவிற் கொள்க: காட்டிலும் வரப்பிலும் முளைப்பன யாவும் உண்ணத்தக்கன அல்ல. சில நச்சுக் காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

சந்தையில் விற்கும் சிப்பிக் காளானையும் மொட்டுக் காளானையும் நன்கு சமைத்து உண்போம், அவை நல்லுணவு. ஆசிரியர்கள் வகுப்பில் நலவாழ்வுச் செய்தியொன்றை எடுத்து, அதன் வினைச்சொற்களை மாணவர் அடிக்கோடிடச் செய்வாராக. தன்வினை பிறவினைப் பாடம் அன்று முதல் அவர்தம் இல்லத்தையும் காக்கும்.