ஆபீசில் ஓடியது, சர்வரில் படுத்தது! – காரணம் என்ன?

சிவகாசி என்றதும் பட்டாசு நினைவுக்கு வரும். தீப்பெட்டி நினைவுக்கு வரும். மூன்றாவதாக அங்கே ஒரு தொழில் உண்டு. அதுதான் அச்சுத்தொழில்.

1920–களில் அய்ய நாடாரும், சண்முக நாடாரும் கல்கத்தா சென்றார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. பிறகு பட்டாசு வந்தது. இரண்டுக்கும் "லேபிள்" ஒட்ட வேண்டும் அல்லவா? அதற்காக அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த அச்சகங்கள் பிறகு காலண்டர் அடித்தன; டைரி அடித்தன.

பட்டாசை இணையதளத்தில் விற்கக்கூடாது என்று 2018–ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. காலண்டருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஏஜெண்டுகள் ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது போக, இப்போது இணையதளத்திலும் ஆர்டர் பிடிக்கிறார்கள்.

ஆடி 18

புதிய காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம்.

ஓர் அச்சகம் புதிதாக இணையதளம் அமைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது அழகாக ஓடியது. படம் வந்தது. விலை வந்தது. ஆடி 18 காலையில் அதைச் சர்வரில் ஏற்றினார்கள்.

திரையில் வந்தது காலண்டர் அல்ல. "502" என்ற எண்!

வாடிக்கையாளர் காத்திருப்பாரா? அடுத்த கடைக்குப் போய்விடுவார். காலண்டர் வியாபாரம் சில மாதங்களில் முடிந்துவிடும். ஜனவரி பிறந்தபிறகு காலண்டரை யார் கேட்பார்கள்?

சர்வர் என்றால் என்ன?

ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவரைச் சர்வர் என்கிறோம். கம்ப்யூட்டர் சர்வரின் வேலையும் ஏறக்குறைய அதேதான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது!

"404" என்று வந்தால், கேட்ட பலகாரம் இங்கே இல்லை என்று அர்த்தம். "500" என்று வந்தால், சமையல் அறையில் ஏதோ தவறு. "502" என்றால், பரிமாறுகிறவர் வந்துவிட்டார். சமையல் அறையில் இருந்து சரியான பதில் இல்லை!

அதாவது வாசலில் நிற்கும் புரோகிராம் வேலை செய்கிறது. உள்ளே உள்ள புரோகிராம் படுத்துவிட்டது. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

"புரூப்" வேறு, மெஷின் வேறு!

ஆபீசில் ஓடியது சர்வரில் ஏன் ஓடவில்லை?

அச்சகத்தாருக்கு இது புதிய விஷயம் அல்ல. திரையில் பார்த்த சிவப்பு, மெஷினில் வேறு காகிதத்தில் விழும்போது வேறு சிவப்பாகிவிடுகிறது. அதுபோல, ஆபீஸ் கம்ப்யூட்டர் வேறு, சர்வர் வேறு.

ஆபீசில் "விண்டோஸ்" இருக்கும். அங்கே படத்தின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும், சின்ன எழுத்துக்கும் பொதுவாக வித்தியாசம் இல்லை. சர்வரில் பெரும்பாலும் "லினக்ஸ்" இருக்கும். அது ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வேறு என்று சொல்லிவிடும்! படம் வராது.

கணக்குகள் இருக்கும் தகவல் பெட்டகத்துக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. பாதுகாப்புக்காக அதைத் தனிக் கோப்பில் வைப்பார்கள். புரோகிராமை ஏற்றுவார்கள்; அந்தக் கோப்பை மறந்துவிடுவார்கள்! ஆபீசில் இருந்தது ஒரு பதிப்பு, சர்வரில் இருப்பது பழைய பதிப்பு என்பதும் உண்டு.

45 நிமிடத்தில் 44 கோடி டாலர்!

சிறிய அச்சகத்துக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பங்கு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த "நைட் கேப்பிட்டல்" என்ற கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

புதிய புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். 7 சர்வர்களில் ஏற்றினார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள்! அதில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

2012–ம் ஆண்டு ஆகஸ்டு 1–ந் தேதி மார்க்கெட் திறந்தது. பழையது விழித்துக்கொண்டது! கண்மண் தெரியாமல் பங்குகளை வாங்கியது, விற்றது.

ஊழியர்கள் பதறினார்கள். புதிய புரோகிராமில்தான் கோளாறு என்று எண்ணி, ஒழுங்காக இருந்த 7 சர்வர்களில் இருந்தும் அதை நீக்கினார்கள். விளைவு? அங்கேயும் பழையது புறப்பட்டுவிட்டது!

45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். மறு ஆண்டே அந்தக் கம்பெனி வேறொரு கம்பெனியுடன் இணைய வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம். மார்க்கெட் திறப்பதற்கு முன்பே, கம்ப்யூட்டர் தானாக 97 இ–மெயில்கள் அனுப்பி இருந்தது. கோளாறின் பெயர்கூட அவற்றில் இருந்தது. அதை யாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை!

பேரேட்டைப் பிரியுங்கள்

விருதுநகர் மண்டியில் கணக்கு உதைத்தால் என்ன செய்வார்கள்? பேரேட்டைப் பிரிப்பார்கள். வரி வரியாகப் பார்ப்பார்கள்.

சர்வருக்கும் பேரேடு உண்டு. அதன் பெயர் "லாக்". எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன தடங்கல் என்று அது எழுதி வைக்கும். முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.

பிறகு வாசலில் இருந்து உள்ளே போக வேண்டும். இணையதளத்தின் பெயர் சரியான சர்வரைக் காட்டுகிறதா? 443–ம் எண் வாசல் திறந்திருக்கிறதா? வாசல் புரோகிராம் ஓடுகிறதா? உள் புரோகிராம் ஓடுகிறதா? தகவல் பெட்டகம் பதில் சொல்கிறதா? கடைசியாக, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? எழுதி எழுதியே பேரேடு டிஸ்க்கை நிரப்பிவிடுவதும் உண்டு!

ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஐந்தை ஒரே மூச்சில் மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது. எதனால் கெட்டது என்றும் தெரியாது.

பட்டாசு ஆலை சொல்லும் பாடம்

பட்டாசு ஆலையில் மருந்து நிரப்பும் அறைகள் சிறியவை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறைக்குப் பரவக்கூடாது அல்லவா?

சர்வரில் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் தொழிலுக்கு ஆபத்து உண்டு. ஆகவே சோதனைக்குத் தனிச் சர்வர் வேண்டும். அதுவும் உண்மைச் சர்வரைப் போலவே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பை அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். புதியது படுத்தால், பழையதைத் திருப்பி வைத்து வியாபாரத்தை நடத்தலாம். கோளாறைப் பிறகு நிதானமாகத் தேடலாம். திரும்பும் வழியையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். வழி தெரியாமல் திரும்பியதால்தானே 7 சர்வர்கள் கெட்டன!

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடி 18–க்கு வேண்டியதை ஆனியிலேயே ஏற்றிவிட வேண்டும். சீசன் தொடங்கியபிறகு சர்வரில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. அவசரத்தில் மருந்தைத் தொடக்கூடாது என்பது சிவகாசிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியது இல்லை!