ஏறிய கியரிலேயே இறங்குக!

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

உதகமண்டலத்தை ‘மலைகளின் அரசி’ என்று படித்திருக்கிறேனே தவிர, இருபது வயது வரை நேரில் கண்டதில்லை. எங்கள் ஊர் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. பொங்கல் விடுமுறையில், அக்காள் கணவர் வாங்கிய பழைய கார் ஒன்றில் நாங்கள் ஐவர் ஒரு நாள் உதகை சென்று வந்தோம். அங்குக் கண்டவற்றையும், வழியில் கற்ற ஒரு பாடத்தையும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதைக் கைப்பேசியில் பதிவு செய்தவன் நான். “படிச்ச பையன் வூட்டுல ஒருத்தன் வேணும்” என்று அம்மா சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது.

கல்லாற்றைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். சாலை ஏன் இத்தனை வளைய வேண்டும்? சாய்தளத் தத்துவமே காரணம். நேராக ஏற எஞ்சினுக்கு வலுப் போதாது. அதே உயரத்தை நீண்ட தூரத்துக்குப் பங்கிட்டால் குறைந்த விசையே போதும். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலோ, ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறச் செய்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

உதகையில் 1848-இல் தோன்றிய தாவரவியல் பூங்காவைக் கண்டோம். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த கல்மரம் அங்கு உள்ளது. பின்னர் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா. அங்கே அம்மா பையிலிருந்து எடுத்த சிப்ஸ் பாக்கெட் பந்துபோல் உப்பியிருந்தது. உயரே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கே; ஆகவே உள்ளிருந்த காற்று விரிந்துவிட்டது. அதே காரணத்தால் உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இவற்றையெல்லாம் நான் விளக்க, அனைவரும் வியந்து கேட்டனர்.

மாலையில் இறங்கும்போது மாமா, “நியூட்ரல்ல விட்டா எண்ணெய் மிச்சமாகுமில்ல?” என்று கேட்டார். “புவியீர்ப்பே இழுத்துச் செல்லும் மாமா, தாராளமாக விடலாம்” என்றேன் நான். இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டிய அப்பா பின் இருக்கையில் இருந்தார். மாப்பிள்ளையின் வண்டி; சொல்பவன் படித்த மகன். அவர் வாய் திறக்கவில்லை.

குன்னூரைத் தாண்டி நான்கைந்து வளைவுகள் இறங்கியதும் கருகிய நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தால் மிதி ஆழமாக இறங்கியது. வண்டி உடனே நிற்கவில்லை. அப்போதுதான் அப்பா, “மாப்பிள்ளே, நியூட்ரல் வேண்டாங்க. மூணுல போட்டு, அப்புறம் ரெண்டுக்குக் கொண்டாங்க. ஏறுன கியர்லயேதான் எறங்கோணும்” என்றார். எஞ்சின் முனகியது, வேகம் அடங்கியது, ஓரமாக நிறுத்தினோம். அரை மணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை.

நடந்தது என்ன? ஐவருடன் எங்கள் கார் சுமார் 1,500 கிலோ. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். அந்த நிலையாற்றல் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் ஜூல். கிட்டத்தட்ட 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம்! ஆற்றல் அழியாது, எங்கேனும் வெப்பமாக வெளிப்பட்டே தீரும். நியூட்ரலில் அதில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில் விழுகிறது. பட்டைகள் சூடேறிப் பிடிப்புக் குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகி, மிதியின் அழுத்தம் சக்கரத்தை எட்டாது. கியரில் இருந்தாலோ சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சின் ஒரு தடையாகிறது. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழல் வழியாகவும் வெளியேறுகிறது. எண்ணெய் மிச்சம் என்பதும் தவறு. இக்காலக் கார்களில், கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் ஓடுவதற்குச் செலவாகிக்கொண்டே இருக்கும்.

ஆற்றல் அழியா விதியைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பா அதைக் கையாலும் காலாலும் அறிந்திருக்கிறார். அவரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

இக்கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “சூடான பிரேக்குல தண்ணி ஊத்தக் கூடாதுன்னும் எழுதுடா” என்றார். சரிதான்; திடீரெனக் குளிர்ந்தால் இரும்பு சீரற்றுச் சுருங்கி வளையும், விரிசலும் விடலாம். எழுதிவிட்டேன்.