உங்களுக்குத் தெரியுமா? பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுக்கும் திருச்சிக்காரர்களுக்கு

ஷோரூமில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்குள் மூன்று பேரம் ஒளிந்திருக்கிறது. பழைய வண்டிக்கு என்ன விலை, புது வண்டியில் என்ன தள்ளுபடி, கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு. மூன்றையும் ஒரே தொகையாக்கிக் காட்டினால், பழசுக்கு இருபதாயிரம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் புதுசின் தள்ளுபடியில் அதே இருபதாயிரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம். அதனால் முதல் கேள்வி, “பழைய வண்டி எதுவும் கொடுக்காமல் எடுத்தால் ஆன்-ரோடு எவ்வளவு?” என்பதாக இருக்கட்டும். அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகு பழைய வண்டிச் சாவியை நீட்டலாம்.

*

இந்த வித்தை நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1950-களில் அமெரிக்க டீலர்கள் புதுக் காரின் விலையைத் தாறுமாறாக ஏற்றி எழுதிவிட்டு, “உங்கள் பழைய காருக்கு யாரும் தராத விலை தருகிறோம்” என்று அசத்தினார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி 1958-ல் சட்டமே கொண்டுவந்தார். அன்று முதல் அங்கே ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி விலை அச்சிட்ட தாள் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தாளுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

*

மாட்டுக்குப் பேர் போன மணப்பாறை நம் மாவட்டம். சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரியும். ஷோரூமில் எல்லாம் ஏ4 தாளில் பளிச்சென்று அச்சாகி வருகிறது, ஆனாலும் வாங்குபவனுக்குத்தான் பல நேரம் புரிவதில்லை.

*

பழைய வண்டியைக் கொடுத்தாலும் புது வண்டியின் முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. உண்டு; பழசின் மதிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி என்ற கணக்கு இங்கே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 27-லேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு: பழைய போனைக் கொடுத்து 20,000 ரூபாய்க்கு வாங்கிய புது போனின் எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலை 24,000 என்றால், அதன் சந்தை மதிப்பு 24,000-தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வித்தியாசத் தொகைக்கு மட்டும் விற்பனை வரி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் நம் கட்சி.

*

“உங்க வண்டிக்கும் ஜி.எஸ்.டி. பிடிப்போம் சார்” என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சொந்த உபயோகத்து வண்டியை விற்கும் தனி மனிதருக்கு அந்த வரி கிடையாது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் 18 சதவீதம் என்று முடிவு செய்தது வியாபாரிக்கு. அதுவும் அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான லாபத்தின் மீது மட்டும்.

*

எக்ஸ்சேஞ்ச் போனஸ் வாங்கப் பழைய வண்டியை அதே ஷோரூமில்தான் தள்ள வேண்டும் என்பது எல்லாக் கம்பெனியிலும் கட்டாயம் இல்லை. வெளியே விற்றுவிட்டு, ஆர்.சி. பெயர் மாறியதற்கான நகலைக் கொடுத்தாலும் போனஸ் தரும் கம்பெனிகள் உண்டு. அப்பா பேரில் பழசு, மகன் பேரில் புதுசு என்றாலும் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை என்று அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் ‘கார்ப்பரேட் தள்ளுபடி’யையும் விசாரியுங்கள். சில மாடல்களுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எது பெரிதோ அதை எடுப்பதுதானே முறை.

*

வண்டியை மதிப்பிட வருகிற பையன் முதலில் இன்ஜினைப் பார்ப்பான் என்றுதான் நினைப்போம். அவன் பார்ப்பது பானெட் கீலில் இருக்கும் போல்ட்டை. அதன் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, பானெட் கழன்றிருக்கிறது. அடுத்து கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்த மாதிரி ஒரே சீராக இருக்கின்றனவா என்று தடவுவான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுவான். அடியில் மண் கோடு இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. நான்கில் ஒன்றுக்கு மட்டும் தேதி தள்ளியிருந்தால் “ஏன் சார் மாத்தினீங்க?” என்று கேள்வி வரும். கடைசியில் ஒரு சின்னக் கருவியைத் தகடு தகடாக வைத்துப் பெயிண்டின் கனத்தை அளப்பான். பட்டி பார்த்த இடத்தில் எண் எகிறும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் விற்பதற்கு முந்தைய வாரம் நாலு டயர் புதுசாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போட்ட காசு திரும்பாது. உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்து, சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் கோத்து, இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வைத்தால் அதைவிட அதிகம் தேறும். ஸ்ரீரங்கத்து டி.என். 48 வண்டிகளின் பம்பர் கீறலுக்காகக் கவலைப்பட வேண்டாம். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் நிறுத்தி எடுத்த வண்டியில் கீறல் இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரவேண்டும்.

*

“எவ்ளோ எதிர்பார்க்கறீங்க சார்?” என்பது மரியாதைக் கேள்வி போல இருக்கும். நீங்கள் சொல்லும் எண்தான் அன்றைய உச்சவரம்பு. ஸ்ரீரங்கம் மாமாக்களிடம் இதற்கு நல்ல பதில் இருக்கிறது: “நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ தம்பி, நான் இன்னும் ரெண்டு இடத்துல கேட்டுண்டிருக்கேன்.” உண்மையிலேயே இரண்டு இடத்தில் கேட்டும் வைத்திருக்க வேண்டும்.

*

ஆடியில் வண்டி எடுக்க மாட்டோம். ஷோரூம்காரர்களுக்கு அந்த மாதம் டார்கெட் இடிக்கும். பேரத்துக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஆடி ஆகாது என்பவர்களும், அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரியும் பதினெட்டாம் பெருக்குக்கு விலக்கு உண்டு என்பார்கள். மார்கழியும் அப்படியே, ஆனால் அதில் ஒரு வில்லங்கம். டிசம்பர் தள்ளுபடியில் புக் செய்து தை பிறந்து டெலிவரி எடுத்தாலும், ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் பழையதுதான். நாளை நீங்கள் விற்கும்போது ஒரு வயது கூடத்தான் கணக்கு. பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இது பெரிதல்ல; மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுமா என்று பார்க்க வேண்டும்.

*

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காருக்கான ஆயுள் வரி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்துக் கோடுதான் பொல்லாதது. வரிக்கு எடுக்கும் விலை 9,95,000 என்றால் வரி 1,29,350. வெறும் பத்தாயிரம் கூடி 10,05,000 ஆனால் 1,80,900. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு அடுத்த வேரியண்டுக்குத் தாவும்போது இந்த ஐம்பத்தோராயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்தே யோசியுங்கள்.

*

10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவல்ல. வருமான வரிக் கணக்கில் உங்கள் பேரில் வரவாகும். கேட்டு எடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

*

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28, செஸ் தனி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். “நான் அன்னிக்குக் குடுத்த விலை...” என்று 2023 பில்லை நீட்டுவதில் இப்போது பிரயோசனம் இல்லை.

*

மகன் பெங்களூருவில் வாங்கி, பெற்றோரிடம் விட்டுச் சென்ற கே.ஏ. நம்பர் வண்டிகளைத் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் பார்க்கலாம். ஒரு மாநிலத்து வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. தடையில்லாச் சான்று, இங்கே புதிதாக ஆயுள் வரி எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் டீலர் விலையைக் குறைப்பார். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்பதை அவர் சொல்ல மாட்டார்.

*

நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் க்ளெய்ம் செய்யாதவருக்கு 50 சதவீதம். புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியம் 18,000 என்றால் 9,000 அப்படியே மிச்சம். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடம் வரை செல்லும். ஷோரூம் சொல்லும் கம்பெனியிலேயே பாலிசி எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் எடுத்துக் காட்டினாலே அவர்கள் தொகையும் இறங்குவது வழக்கம்.

*

இனி, பேரத்தைவிட முக்கியமான சமாச்சாரம். 2007-ல் ஒருவர் காரை விற்றார். ஆர்.சி. மாறவில்லை. பல கை மாறி 2009-ல் அந்த வண்டி விபத்தில் சிக்கியது, இன்சூரன்ஸும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு. விற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு!

சாவியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் 29, 30-ஐயும் கொடுத்து நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. 2023 ஏப்ரலில் இதற்கு ஒரு வழி பிறந்தது. பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி வழியாக இணையத்தில் தகவல் போகும். அதிலிருந்து வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. மதிப்பிடும்போதே “உங்களுக்கு அங்கீகாரம் இருக்கா, 29சி போடுவீங்களா?” என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் ஐயாயிரம் குறைத்துத் தருகிற இன்னொருவரிடம் கொடுப்பது மேல். வங்கிக் கடன் முடிந்திருந்தால் அதன் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35-ஐ முன்கூட்டியே முடித்துவிடுங்கள். இது ஒன்றுக்காகவே விலை குறைக்கிறவர்கள் உண்டு.

*

ஃபாஸ்டேகைக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தால் மட்டும் கணக்கு முடியாது. வங்கியில் சொல்லி மூட வேண்டும். ஸ்டிக்கரை அப்படியே விட்டு வண்டியை ஒப்படைத்தால், வாங்கியவர் சென்னைக்குப் போகிற வழியில் சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது குறுஞ்செய்தி உங்கள் செல்லுக்கு வரும், காசும் உங்களுடையதுதான். மூடினால் ஆரம்பத்தில் கட்டிய வைப்புத் தொகை திரும்பி வரும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.