கரன்ட் விளையும் ஊரிலும் சிக்கனம் வேணுமா? பள்ளி மீட்டர் சொல்லும் கணக்கு

1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஊர் நெய்வேலி. 'இங்கே பள்ளிக்கூடத்துல கரன்ட் மிச்சம் பிடிச்சு என்ன ஆகப்போகுது?' என்று தோன்றலாம். ஆனால், ஒரு யூனிட்டுக்கு சுமார் ஒரு கிலோ நிலக்கரி எரிகிறது. அதைத் தோண்டும் சுரங்கத்துக்கு விளைநிலம் போகிறது.

எவ்வளவு மிச்சமாகும்?

பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். ஒரு வகுப்பறையில் 4 ஃபேனை மாற்றினால் 180 வாட் குறையும். தினம் 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் 216 யூனிட். 30 வகுப்பறைக்கு 6,480 யூனிட். சுமார் ஆறரை டன் நிலக்கரி!

காசு இல்லையா?

மீட்டரில் இருந்து தொடங்குங்க. மாலை பள்ளியைப் பூட்டும்போது ஒரு ரீடிங், காலை திறக்கும்போது ஒரு ரீடிங். ஆளில்லாத நேரத்தில் ஓடிய யூனிட் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் லேப்பா, வராண்டா விளக்கா, தண்ணீர் மோட்டாரா? ஒவ்வொரு நாளும் ஒன்றை அணைத்துவிட்டுப் போனால் பிடிபடும். மொத்தமாக வரும் பில்லில் இது தெரியாது.

ஒரு நோட்டு போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே குறித்துவிடுவார்கள்.